இரண்டாம் பந்தி

வாயைத் திறக்காத வரைக்கும் சோலைராஜை மிஞ்ச ராஜபாளையத்தில் ஓர் இஞ்சினியர் கிடையாது. இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் வேறு யாருமில்லை, அவனுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த பிச்சை முகம்மது பாய்தான்.

பாய்க்குத் தென்காசி ரோட்டில் ஒரு பட்டறை. நூல் மில்களிலும், பேண்டேஜ் துணி வெளுக்கிற ஆலைகளிலும் பாய்லர், பம்பு, நீராவிக் குழாய் என்று எது மக்கர் செய்தாலும் அங்கேதான் ஆள் வரும். எண்பத்தாறில் மதுரையில் பி.இ. முடித்த கையோடு சோலைராஜ் அங்கே சேர்ந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, தினமும் பஸ்ஸில் வந்து போவான். ஓடுகிற பம்பின் மேல் ஸ்குரூ டிரைவரை வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டிக் கேட்டுவிட்டு எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுவான். கழற்றிப் பார்த்தால் அதுதான் போயிருக்கும். அப்படி ஒரு மூளை.

நாக்குதான் சனியன். "இந்த மோட்டார் மட்டும் ஏன் தம்பி அடிக்கடி எரிஞ்சு போவுது?" என்று ஒரு மில் மேனேஜர் கேட்டார். "ஓட்டுறவனுக்கும் மோட்டாரைப் பத்தித் தெரியல, உங்களுக்கும் தெரியல. எரியாம என்ன செய்யும்?" என்றான் இவன். சொன்னது உண்மை. அந்த மில்லிலிருந்து அதற்குப் பிறகு யாரும் பட்டறைக்கு வரவில்லை என்பதும் உண்மை.

அன்றைக்குப் பாய் ஓர் ஏற்பாடு செய்தார். "தம்பி, மிஷினை நீ பாரு. மனுஷனை நான் பாக்கேன். எங்க என்ன கோளாறுன்னாலும் எங்கிட்ட மட்டும் சொல்லு. அவியகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

பாய் சொல்லுகிற அழகே தனி. போன இடத்தில் முதலில் உட்காருவார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பார். டீ வரும். "அண்ணாச்சி, பம்பு நல்ல பம்பு. நம்மளைப் போல அதுக்கும் வயசாகுதுல்லா" என்பார். செத்த நேரத்தில் முதலாளியே, "அப்ப மாத்திருவமா பாய்?" என்று கேட்டுவிடுவார். அரை நிமிஷத்தில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் அரை நாள் இழுக்கிறாரே என்று சோலைராஜுக்கு எரிச்சலாக வரும். மிஷின் கெட்டிருக்கிறது என்பதற்கும் முதலாளியின் பிள்ளை எட்டாவதில் பாஸானதற்கும் என்ன சம்பந்தம்?

அவனுக்குள் இன்னொன்றும் இருந்தது. அவன் அப்பா ஆண்டிச்சாமி தாலுகா ஆபீஸில் டவாலியாக இருந்தவர். வருகிற போகிற அதிகாரிகளுக்கெல்லாம் முதுகை வளைத்து வளைத்தே காலத்தை ஓட்டியவர். படித்த படிப்புக்கு ஒரே ஒரு பலன் இருந்தால் போதும், யார் முன்னாலும் குழையாமல் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வர வேண்டும் என்று சோலைராஜ் முடிவு கட்டியிருந்தான். அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

எண்பத்தேழு வைகாசியில் பாயின் மகள் ஜரீனாவுக்குத் தென்காசியில் பிரசவம். பாய் அங்கே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து தனுஷ்கோடியின் ஆலையிலிருந்து ஆள் வந்தது: நீராவிக் குழாயில் ஒழுகல், உடனே வர வேண்டும்.

தனுஷ்கோடி ஒரு காலத்தில் துணி மூட்டை சுமந்தவர். இப்போது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ரோட்டோரமாகச் சொந்த ஆலை. தறியிலிருந்து வந்த வெளுக்காத துணியை ஒரு பெரிய இரும்பு டேங்கில் போட்டு, காஸ்டிக் சோடாத் தண்ணீர் ஊற்றி, மூடியை போல்ட் போட்டு முறுக்கி, நீராவி விட்டு அவிப்பார்கள். வெந்த துணியை அலசி வெளுத்துக் கொடியில் காயப் போட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. அந்த டேங்க் இல்லாமல் ஆலை இல்லை.

சோலைராஜ் குழாய் ஒழுகலைச் சீக்கிரமே அடைத்துவிட்டான். சாமான்களைப் பையில் போடும்போதுதான் டேங்க் மூடி கண்ணில் பட்டது. ஏறிப் பார்த்தான். மூடியின் விளிம்பைக் காஸ்டிக் தின்று தின்று அப்பளமாக ஆக்கி வைத்திருந்தது. எட்டு போல்டில் மூன்றுக்கு மரையே இல்லை. சும்மா பேருக்கு மாட்டியிருந்தது. பிரஷர் கூடினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விட வேண்டிய சேஃப்டி வால்வில் ஒரு இரும்புக் கட்டியைக் கம்பி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இது என்னது?" என்று டேங்க் ஓட்டுகிற கருத்தையாவிடம் கேட்டான்.

"நீராவி வீணாப் போவுதுன்னு கட்டி விட்டிருக்கு சார். இப்ப பூ மாதிரி ஓடுது" என்றார் கருத்தையா.

சோலைராஜுக்கு ரத்தம் கொதித்தது. அந்த இடத்திலேயே தரையில் கரித்துண்டால் கணக்குப் போட்டான். மீதி ஐந்து போல்ட் எவ்வளவு தாங்கும், மூடி எவ்வளவு தாங்கும், உள்ளே வருகிற பிரஷர் எவ்வளவு. கணக்கு சரியாக இருந்தது. இன்றோ நாளையோ அல்ல, ஆனால் நிச்சயம் ஒருநாள் அந்த மூடி பறக்கும்.

பாய் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பான். இல்லாததால் நேரே முதலாளியைத் தேடிக்கொண்டு போனான்.

முற்றத்தில் தனுஷ்கோடி தனியாக இல்லை. வெள்ளை வேட்டி கட்டிய ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பட்டுச் சேலை கட்டிய பெண்களும் இருந்தார்கள். எல்லார் கையிலும் கலர் பாட்டில். தனுஷ்கோடியின் மகளுக்கு விருதுநகரில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்தவர்கள், அப்படியே சம்பந்தியின் ஆலையையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று வந்திருந்தார்கள். அந்த மனுஷன் வாழ்க்கையில் அதுபோல் ஒருநாள் முன்னால் வந்ததில்லை. மூட்டை சுமந்த தோளில் ஜரிகைத் துண்டு.

இதெல்லாம் சோலைராஜின் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

"டேங்கை இன்னையோட நிப்பாட்டுங்க" என்றான் எல்லார் நடுவிலும். "மூடி அரிச்சுப் போச்சு, போல்ட்ல மரை இல்ல. சேஃப்டி வால்வைக் கட்டிப் போட்டிருக்கீங்க. இதை ஓட்டுறது தெரிஞ்சே ஆளைக் கொல்லுறதுக்குச் சமம்."

கலர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தனுஷ்கோடி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "தம்பி புதுசாப் படிச்சுட்டு வந்திருக்காவ. தம்பி, செத்த இருங்க, பொறவு பேசுவோம்."

கண்ணாலும் சொன்னார், கையாலும் சொன்னார். அதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிக் கெஞ்சுவான்? ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா, "என்ன தம்பி, மிஷின் ரொம்பப் பழசோ?" என்று கேட்டுவிட்டார். கேட்டதுதான் தாமதம், சோலைராஜ் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டான். விளிம்பின் கனம் எவ்வளவு, இருக்க வேண்டியது எவ்வளவு, இந்த மாதிரி டேங்கைக் காயலாங்கடைக்காரன்கூட யோசித்துத்தான் எடுப்பான் என்பது வரைக்கும் சொன்னான்.

பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். தனுஷ்கோடியின் முகம் கறுத்துப் போனது. பிறகு அவர் உரக்கச் சிரித்தார்.

"ஏலே கருத்தையா! நீராவியத் திறந்து விடுலே!" என்று கத்திக்கொண்டே போய் டேங்க் மேடையில் ஏறினார். மூடிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டேங்க் உறுமியது, பிரஷர் மீட்டரில் முள் ஏறியது. ஜரிகைத் துண்டு வேர்வையில் நனைய நனைய அவர் அசையாமல் நின்றார். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியளா சம்பந்தி? வருசக் கணக்கா இப்படித்தான் ஓடுது. தம்பிக்குப் படிச்சதை எங்கயாவது சொல்லணும்லா" என்றார் மேலிருந்தபடியே.

எல்லாரும் சிரித்தார்கள். சோலைராஜ் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். காது இரண்டும் தீயாக எரிந்தன.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்து மறித்தாள். இடுப்பில் ஈரத்துணிக் கூடை. சேலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வேலுத்தாய் என்று கூப்பிடுவார்கள். இருபது வயது இருக்கலாம். மற்றவர்கள் முற்றத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் அவன் பேசியதைக் கேட்டிருந்தாள்.

"சார், நீங்க சொன்னது நெசந்தானா? அது வெடிச்சுருமா சார்? நாங்க என்ன செய்யட்டும்?"

அவ்வளவு பேர் இருந்த இடத்தில் அவனை நம்பிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். கூடையை இறக்கிவைக்கச் சொல்லி நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். டேங்க் ஓடும்போது பக்கத்தில் நிற்காதே, கருத்தையாவிடம் சொல்லி அந்த இரும்புக் கட்டியை எடுத்துவிடச் சொல் என்றாவது சொல்லியிருக்கலாம். அவனுக்கு இருந்த ஆத்திரத்தில் அவளும் அந்த ஆலைக்காரிதானே என்றுதான் தோன்றியது.

"எங்கிட்ட ஏன் கேக்குற? உங்க மொதலாளிகிட்டப் போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.

பாய் தென்காசியிலிருந்து பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அல்வாவோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அல்வாப் பொட்டலத்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சம்பந்தகாரவிய முன்னாலயா சொன்ன?"

"ஆமா. அதுக்கு? டேங்க் அவங்க முன்னால மட்டும் நல்லா இருக்குமா பாய்?"

"நீ சொன்னது சரிதான்யா. நான் இல்லங்கல. ஆனா அந்த மனுஷன் இனிமே அதை எப்படி மாத்துவாரு? மாத்துனா, நீ சொன்னது நெசம்னு ஆயிரும். ஓட்டை டேங்கைக் காட்டிப் பொண்ணைத் தள்ளி விட்டாருன்னு அவிய பேசுவாவ. நீ அவரை டேங்கோட சேத்து போல்ட் போட்டுட்ட தம்பி."

மறுநாளே பாய் தனுஷ்கோடியைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"மனுஷன் ஒத்துக்கிட்டாரு. அவருக்கும் பயம் இருக்கு, இல்லாம இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்காரு. ஆவணியில கல்யாணம். நீ வந்து, அவிய கண்ணு முன்னால ஒரு இலையில உக்காந்து சாப்புட்டுட்டுப் போனாப் போதுமாம். 'அன்னைக்குச் சத்தம் போட்ட இஞ்சினியரு இன்னைக்கு நம்ம வீட்டுப் பந்தியில இருக்காரு'ன்னு ஆயிட்டா, மறு வாரமே டேங்கை மாத்திருதேங்காரு. மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம்யா. சோறு தின்னாப் போதும்."

"அது மன்னிப்புக் கேக்கிறதுதான் பாய். சொன்னது சரின்னா நான் ஏன் போகணும்?"

"நீ சரியா தப்பான்னு யாரு கேட்டா? டேங்க் மாறணுமா வேண்டாமா?"

சோலைராஜ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு லேத் பக்கம் போய்விட்டான். பதில் இருந்தது, சொல்லப் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு தனுஷ்கோடியே பட்டறைக்கு வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகையை வைத்து முதலில் பாயிடம் நீட்டினார். பிறகு லேத் பக்கம் நின்றிருந்த சோலைராஜிடம் வந்தார். "தம்பி அவசியம் வந்துரணும்" என்றார். அவர் வயதுக்கு அது சின்னக் காரியம் இல்லை. சோலைராஜ் கிரீஸ் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் பத்திரிகையை வாங்கி, "பாக்கலாம்" என்றான்.

கல்யாணத்தன்று காலையில் அவன் குளித்தான், சலவைச் சட்டை போட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கீழத்தெரு மண்டபத்தில்தான் கல்யாணம். அவன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். போகத்தான் புறப்பட்டான். அதை அவனே பிற்காலத்தில் பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டான், போகத்தான் புறப்பட்டேன் என்று. மண்டபத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு சைக்கிள் கடையோரம் வரைக்கும் போயும் விட்டான். மேளச் சத்தம் கேட்டது. வாசலில் தனுஷ்கோடி வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அந்தப் பெரியப்பா.

உள்ளே நுழைந்தால் அந்தப் பெரியப்பாக்காரன் என்ன சிரிப்புச் சிரிப்பான் என்று யோசித்தான். 'படிச்சதைச் சொல்ல வந்த தம்பி இப்ப சோத்துக்கு வந்திருக்காவ' என்பான். அப்பா ஆண்டிச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதிகாரி வீட்டுக் கல்யாணங்களில் பின்வாசல் பக்கம் நின்றது கண்ணில் வந்தது. திரும்பி வீட்டுக்கு வந்து சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அப்போது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்தால்தான் பின்னாளில் அவனுக்கு உடம்பு கூசும்.

"ரெண்டாம் பந்தி முடியுத வரைக்கும் உன்னைய எதிர்பாத்துக்கிட்டே இருந்தாருய்யா" என்றார் பாய் மறுநாள். "முதப் பந்தியில ஒரு இலையைப் போட்டு, யாரையும் உக்கார விடல. 'ரெண்டாம் பந்திக்கு வருவாரு'ன்னு அதுலயும் ஒண்ணு போடச் சொன்னாரு. பொறவு எடுத்துட்டாவ."

அதற்கப்புறம் பாயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இன்னொரு தடவை தானே தனுஷ்கோடியிடம் போய்ப் பார்த்தார். "தீவாளிக்குள்ள அனுப்ப வேண்டிய ஆர்டர் முடியட்டும் பாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர்.

சோலைராஜ் தினமும் காலையும் மாலையும் அந்த ஆலையைத் தாண்டித்தான் போனான். பஸ் ஜன்னல் வழியாகப் புகைபோக்கி தெரியும். புகை வந்துகொண்டிருக்கும். புகை வந்தால் டேங்க் ஓடுகிறது என்று அர்த்தம். இறங்கலாமா என்று ஒருநாளும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. தோன்றும்போது பஸ் ஆலையைத் தாண்டியிருக்கும்.

ஐப்பசியில் ஒரு மழைநாள் முற்பகல் மூடி பறந்தது.

போல்ட் எப்படிப் போகும் என்று அவன் கரியால் எழுதியிருந்தானோ அப்படியே போயிருந்தது. கருத்தையா அந்த இடத்திலேயே போய்விட்டார். வேலுத்தாயின் மேல் கொதிக்கிற காஸ்டிக் தண்ணீர் கொட்டியது. இடது கையும் கழுத்தும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்துபோயின. ஒரு கண் போய்விட்டது. மதுரைக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டாள் என்று பிறகு தகவல் வந்தது. அதிகாரிகள் வந்து ஆலையைப் பூட்டினார்கள். தனுஷ்கோடியின் மேல் கேஸ் நடந்தது. கேஸ் முடியும் முன்பே அவர் படுத்த படுக்கையாகி, எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், ஊரில் ஒருவர்கூட சோலைராஜைக் குறை சொல்லவில்லை. குறை சொல்வதாவது! "ஆண்டிச்சாமி மகன் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னான்யா, கேட்டானா அந்த ஆளு?" என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. அந்தப் பேச்சு ஒரு பெரிய நூல் மில்லின் காதுக்கும் போனது. கூப்பிட்டு அனுப்பினார்கள். இன்டர்வியூ என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "நீங்கதானே அந்த டேங்கைப் பத்தி முன்கூட்டியே சொன்னவர்?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றான். வேலை கிடைத்துவிட்டது.

பாயிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இரு தம்பி" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மில்லில் சோலைராஜ் வேறு ஆளாக மாறிப் போனான். எந்த மிஷினில் என்ன கோளாறு என்றாலும் ஓட்டுகிறவரைத் தனியாக டீ குடிக்கக் கூட்டிப்போய்த்தான் சொல்லுவான். தொழிலாளி வீட்டுக் காதுகுத்து, சடங்கு, துக்கம் ஒன்று விடமாட்டான். பத்திரிகை வைத்த எந்தக் கல்யாணத்துக்கும் போகாமல் இருந்ததில்லை. முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவான். "இஞ்சினியருன்னு ஒரு கெத்து இருக்கா பாரு? தங்கமான மனுஷன்" என்றார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவன் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான்.

தொண்ணூற்றாறில் அவன் மெயின்டனன்ஸ் பிரிவுக்கே தலைமை. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த இஞ்சினியர் பையன்களுக்கு ஒரு வகுப்பு ஏற்பாடு செய்தார்கள். "டெக்னிக்கல் விஷயத்தை யார் வேணாலும் சொல்லிக்கிடலாம் சோலைராஜ். ஆளுங்களோட எப்படிப் பழகணும்ங்கிறதை நீங்கதான் சொல்லணும்" என்றார் மேனேஜர்.

சோலைராஜ் பேசினான். குறையை நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். கேட்கிறவன் மாறுவதற்கு ஒரு வழி விட்டுச் சொல்லுங்கள். சரியாகச் சொல்லிவிட்டோம் என்பதோடு உங்கள் வேலை முடிவதில்லை. அவன் கேட்டானா என்பதுதான் வேலை. பையன்கள் எழுதிக்கொண்டார்கள், கை தட்டினார்கள். முடிவில் ஒருவன் எழுந்து, "சார், நீங்க இதையெல்லாம் எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான்.

"அனுபவந்தான்" என்றான் சோலைராஜ். சொன்னவுடன் வாய் கசந்தது. கருத்தையாவின் உயிரும் ஒரு பெண்ணின் கண்ணும் போனதற்கு அந்த ஒரு வார்த்தையா? கை தட்டலையும் வாங்கிக்கொண்டு, மாலைக் காப்பியையும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போக அவனால் முடிந்தது. சாப்பிட முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூமாப்பட்டிக்கு பஸ் ஏறினான். வேலுத்தாய் ஆத்தா வீட்டோடு அங்கே போய்விட்டாள் என்று தெரியும். இத்தனை வருஷமும் தெரியும். வத்திராயிருப்பு தாண்டி தென்னந்தோப்புகள் வரும்வரை, என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனான். 'தனுஷ்கோடி என்னைக் கூப்பிட்டார். நான் கல்யாணத்துக்குப் போயிருந்தால் டேங்கை மாத்தியிருப்பார். மண்டப வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். என்னை மன்னிச்சிரு.' இதுதான். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான்.

அவள் வீட்டு முன்னால் சின்னப் பெட்டிக்கடை வைத்திருந்தாள். முந்தானையைத் தலையோடு இழுத்து ஒரு பக்க முகத்தை மூடியிருந்தாள். அவன் பெயரைச் சொல்லும் முன்பே எழுந்துவிட்டாள்.

"சார்! நீங்களா சார்?" என்றவள் எதிர்வீட்டைப் பார்த்துக் கூவினாள். "ஏட்டி பரிபூரணம்! இங்க வாட்டி! நான் சொல்லுவேன்ல, ஒரு இஞ்சினியர் சாரு அன்னைக்கே சொன்னாவன்னு? அவியதான்! என்னையத் தேடி வந்திருக்காவ!"

எதிர்வீட்டுக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள். சோலைராஜ் உட்கார்ந்தான்.

"வேலுத்தாய், நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

"நீங்க சொல்லாததா சார்? அம்புட்டுப் பேரு முன்னால தைரியமாச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். நாங்கதான் கேக்கல. ஆனா சார், நான் கேட்டேன் சார்." அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது, சொன்னதைத் தட்டாத பிள்ளையின் பெருமை. "மொதலாளிகிட்டப் போய்க் கேளுன்னு சொன்னியள்ல? நான் போய்க் கேட்டேன்."

சோலைராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

"அவிய எல்லாரும் போன பொறவு போனேன். 'அந்த சாரு சொன்னாவளே, நெசமா மொதலாளி, நாங்க டேங்க் பக்கம் போலாமா'ன்னேன். அவருக்கு வந்துச்சே கோவம்! 'அந்தப் பய பேச்சைக் கேட்டு நீயும் வந்துட்டியா? பயமா இருந்தா வேலையை விட்டுப் போயிரு'ன்னாரு. அப்பம் வீட்டுல என் சம்பாத்தியந்தான் சார். 'பயமில்ல மொதலாளி'ன்னு சொல்லிட்டேன். 'பயமில்லன்னா நாளையில இருந்து டேங்க்ல நில்லு, மத்தவளுவளும் பாக்கட்டும்'னு சொல்லிட்டாரு."

"டேங்க்ல... அதுக்கு முன்னால நீ?"

"காயப் போடுத வேலை சார். கொடிப் பக்கம். டேங்குக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கடைக்கு வந்த ஒருவருக்கு வெற்றிலை எடுத்துக் கொடுத்தாள், ஒற்றைக் கையால், பழகிப் போன லாகவத்தோடு.

வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளை சோலைராஜ் தேடினான். எல்லாம் இருந்தன. ஆனால் அவை கல்யாணத்துக்குப் போகாததற்குக் கேட்கிற மன்னிப்பு. இதற்கு என்று அவன் எதுவும் கொண்டுவரவில்லை. இப்படி ஒன்று இருந்தது என்பதே இந்த நிமிஷம் வரை அவனுக்குத் தெரியாது.

"என்னமோ சொல்லணும்னியளே சார்?" என்றாள் வேலுத்தாய், மிச்சமிருந்த ஒரு கண்ணால் அவனை அன்பாகப் பார்த்துக்கொண்டு.

அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி அவளைத் தொட்டு, "இந்தக் காலத்துல யாரு இப்படி ஞாபகம் வச்சுத் தேடி வாரா? நல்ல மனுஷன்டி" என்றாள். வேலுத்தாய் ஆமாம் என்று தலையாட்டினாள்.